ரொட்டிக்காரனின் காது

மாவை உருட்டித் தராசில் வைத்து, தட்டு சரிந்து நின்ற பிறகும், இன்னொரு கிள்ளு மாவை எடுத்து அதன் தலையில் ஒட்டுகிறான் ஆம்ப்ரோஸ் டகெட். தள்ளி நின்று பார்க்கிறான். மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரு கிள்ளு. "இருக்கட்டும், இருக்கட்டும். மாவு போனா போகுது, காது தங்கினா சரி."

அமெரிக்கக் கரையில் ஆங்கிலேயர் குடியேறிக் கட்டிய இந்த வர்ஜீனியாக் கோட்டையில் சட்டம் அப்படி. எடை குறைத்து ரொட்டி சுட்டவனுக்குக் காது போகும். ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கம் முடிந்ததும் போதகர் சட்டங்களை ஒன்று விடாமல் வாசிப்பார். ஆராதனைக்கு வராதவனுக்கு அன்றைய சாப்பாடு கிடையாது. கடவுள் பெயரை வீணாய் எடுத்தவன் நாக்கில் ஊசி. "ரொட்டிக்காரன்" என்ற சொல் வந்ததும் சபை முழுக்கக் கழுத்தைத் திருப்பி ஆம்ப்ரோஸின் காதுகளைப் பார்க்கும். அவையும் சின்னக் காதுகளா என்ன? முறம் மாதிரி இரண்டு. தொப்பிக்குள் மறைக்கலாமென்றால் ஜெபத்துக்குத் தொப்பியைக் கழற்றித் தொலைக்க வேண்டும்.

லண்டனில் வேலை பார்த்தபோது கை சுட்டால் அவன் வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. இங்கே அதெல்லாம் நடக்குமா? நாக்கு ஒன்றுதானே இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் கை சுட்டால் "மெத்தூசலா!" என்று அலறுகிறான். அதிலும் ஒருநாள் சந்தேகம் வந்துவிட்டது. வேதத்தில் உள்ள பெரியவரைக் கொப்புளத்துக்கெல்லாம் கூப்பிடலாமா? போதகரிடமே போய்க் கேட்டான். அவர் தாடியைத் தடவி யோசித்து, "அளவா கூப்பிடுப்பா" என்றார்.

"எவ்வளவு அளவுங்க ஐயா?"

போதகர் வேதப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு அவனுக்குத் தூக்கமே இல்லை.

பண்டகசாலை வாசலில் ஒரு ஓக் மரம் நிற்கிறது. போன கோடையில் ஓட்ஸ் மாவு திருடியவனை அதில்தான் சங்கிலியால் கட்டினார்கள். தண்ணீரும் இல்லை, சோறும் இல்லை. சாகும்வரை அப்படியே விட்டார்கள். அந்தக் குரல் முதலில் கெஞ்சியது, பிறகு திட்டியது, பிறகு அடங்கியது. மாவு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆம்ப்ரோஸ் தினமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு பரமபிதா ஜெபத்தை முணுமுணுப்பான். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்ற இடம் வரும்போது வண்டியை வேகமாகத் தள்ளுவான்.

ஓடிப் போகலாமென்றால் எங்கே? இந்த மண்ணின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் ஆட்களின் சோளக்கொல்லைகளை நாம் கொளுத்தினோம். அவர்கள் நம்மை இந்த மரவேலிக்குள் முடக்கிப் போட்டார்கள். வெளியே தலை நீட்டினால் அம்பு, உள்ளே இருந்தால் சட்டம். கப்பல் வரும்வரை மாவு தாங்க வேண்டும். எல்லார் வயிறும் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.

அதனால்தான் அவன் ரொட்டிக்கு அத்தனை மவுசு. "டகெட்டு, உன் காதைத் தின்னுதான்யா நாங்க உசுரோட இருக்கோம்!" என்று மரம் அறுப்பவர்கள் முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். தாமசின் என்ற வண்ணாத்தி, காய்ச்சலில் கிடக்கும் புருஷனுக்கும் சேர்த்து ரொட்டி வாங்க வருகிறவள், இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்துச் சிரிப்பாள்: "பயந்தவன் சுட்ட ரொட்டிக்கு ஈடு உண்டா? நல்லா பயப்படுங்க, புண்ணியமா போகும்."

அவனும் நன்றாகத்தான் பயந்தான். ஆனால் பயத்திலும் கணக்கு வேண்டுமல்லவா? கிள்ளிக் கிள்ளி ஒட்டிய மாவெல்லாம் சேர்ந்து ஒருநாள் பீப்பாயின் அடியைக் காட்டிவிட்டது. கொடுத்த மாவுக்கு வர வேண்டிய ரொட்டி வரவில்லை என்று கிடங்குக்காரன் கண்டுபிடித்துவிட்டான். சனிக்கிழமை மாலை காவல் தலைவர் பெவிஸ் துரை அடுப்படிக்கே வந்து நின்றார். மெல்லப் பேசுகிறவர், அதுதான் பயம்.

"மிச்ச மாவு எங்கப்பா?"

"ரொட்டிக்குள்ளதான் துரை இருக்கு. சத்தியமா. குறைஞ்சிடுமோன்னு கொஞ்சம் கூடவே வெச்சேன். இப்பவே ஒண்ணு சுட்டுக் காட்டட்டுங்களா?"

"உசுருக்குப் பயந்து இப்ப கனமாத்தான் சுடுவே. நேத்து சுட்டதைக் காட்டு."

நேற்றைய ரொட்டிக்கு எங்கே போவது? பட்டினிக் கோட்டையில் ரொட்டி விடிய விடிய இருக்குமா?

"அப்ப சாட்சியாவது கொண்டா. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும்" என்று சொல்லிவிட்டு, துரை வாசலுக்கு வெளியே அந்த மரத்தை ஒரு தடவை பார்த்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்தது. தேவாலய வாசலில் தராசை வைத்து, ஒரு தட்டில் சட்டப்படியான ரொட்டிக்குரிய எடைக்கல்லை ஏற்றினார்கள். "இவன் ரொட்டி கனம்னு சாட்சி சொல்றவங்க யாரு?" என்று கேட்டார் துரை. ஆம்ப்ரோஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். முதுகில் தட்டிய கைகளெல்லாம் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தன. யாரைக் குற்றம் சொல்வது? பங்குக்கு மேல் தின்றவனும் திருடன்தான் என்று சற்றுமுன்தானே வாசித்தார்கள். சங்கிலிச் சத்தம் காதுக்குள் கேட்டது.

"நான் சொல்றேன்" என்றது ஒரு குரல்.

தாமசின். சோப்புக் காரத்தில் வெந்த கையில் ஒரு முழு ரொட்டி. "எம் புருஷனுக்கு வாங்கினது. மூணு நாளா அவருக்குத் தொண்டையில எதுவும் இறங்கல. காய்ச்சல் ஆறட்டும், எந்திரிச்சா குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்." தட்டில் வைத்தாள். தட்டு டக்கென்று தரையில் இடித்தது. கூட்டம் மூச்சு விட்டது. ஆம்ப்ரோஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிழைத்தேன், சாமி, பிழைத்தேன்.

துரை தலையாட்டினார். "சரி. மாவு ரொட்டிக்குள்ளதான் இருக்கு. இவன் திருடல." பிறகு அதே மெல்லிய குரலில் தாமசின் பக்கம் திரும்பினார். "கனம்னு தெரிஞ்சே வாங்கிட்டுப் போயிருக்கே. பங்குக்கு மேல வெச்சிருக்கிறது நீதான். எவ்வளவு அதிகம்னு நிறுத்து எழுதுங்க. அதுக்குத் தக்கன தண்டனை."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ துரை, அவரு எந்திரிக்கவே முடியாம கிடக்காரு, நான் இல்லாட்டி தண்ணி குடுக்கவும் ஆளில்ல..."

"நிறுங்கப்பா."

கிடங்குக்காரன் சின்ன எடைக்கற்களைப் பையிலிருந்து எடுத்தான். முதல் கல்லை எதிர்த் தட்டில் வைக்கக் கை நீட்டினான்.

ஆம்ப்ரோஸ் குறுக்கே பாய்ந்தான். தட்டிலிருந்த ரொட்டியை இரண்டு கையாலும் பிடுங்கினான். இரண்டாகப் பிட்டான். ஒரு பாதியைத் தாமசின் கையில் திணித்து, அவள் விரல்களை அதன்மேல் மூடினான். மறு பாதியை, காய்ந்து கல்லாய்க் கிடந்ததை, அப்படியே வாயில் அடைத்தான். பாதி ரொட்டியைப் பங்குக்கு மேல் என்று இனி யார் நிறுப்பது?

"டேய்! என்னடா பண்றே?" பெவிஸ் துரையின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. காவலர்கள் இருவர் ஓடி வந்து அவன் தோளைப் பற்றினார்கள். கண்ணீர் தாடியில் வழிந்தது. ரொட்டி தொண்டையில் அடைத்து விக்கல் எடுத்தது. அவன் துரையின் முகத்தையே பார்த்தபடி, அவசர அவசரமாக மென்றுகொண்டிருந்தான்.