பீச்சாங்கைக்கு ஒரு செல்லோ

தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இடது கையில் இருந்த மாவுக் கிண்ணம் நழுவித் தரையில் விழுந்தது. கைமேல் படுத்துத் தூங்கியிருப்பேன், மரத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வலது கையாக இருந்தால் அப்போதே ஆட்டோ பிடித்திருப்பேன். பீச்சாங்கைதானே! அந்தக் கையால் ஒருவருக்குக் கொடுப்பதுண்டா, வாங்குவதுண்டா? தைலம் தேய்த்து அந்த நாளை ஓட்டிவிட்டேன்.

மறுநாள் இடது காலும் இழுத்தது. திருவண்ணாமலை மருத்துவமனையில் டாக்டர், "எப்ப ஆரம்பிச்சது?" என்றார்.

"நேத்து காலைல. இடது கைதானேன்னு விட்டுட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அடைப்பு கையில இல்லம்மா, மூளையில."

பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). முதல் சில மணி நேரத்துக்குள் போயிருந்தால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டிருக்கலாமாம். இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எந்தக் கை என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், ஓடுங்கள்.

கால் இரண்டு மாதத்தில் சரியானது. கை வரவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதைத் தொட்டாலும் துணி சுற்றித் தொடுவது போலிருக்கும். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அறுபத்திரண்டு வயதில் என் ஜாக்கெட் கொக்கியைக் கணவர் ஏழுமலை மாட்டிவிட வேண்டியிருந்தது. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் அவமானம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

ஆறாவது மாதம் டாக்டர், "இதுக்கு மேல எவ்ளோ வரும்னு சொல்ல முடியாதும்மா. கைக்கு வேலை குடுத்துக்கிட்டே இருங்க" என்றார். வேலை என்றால் ரப்பர் பந்தை அமுக்குவது. அதைப் போல அலுப்பான காரியம் உலகத்தில் கிடையாது. ஒரு நாள் கோபத்தில் விட்டெறிந்தேன். மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்த ஹானாவின் காலில் பட்டது.

ஹானா எங்கள் மாடியில் குடியிருக்கும் வெளிநாட்டுப் பெண். மலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவள். அவளிடம் செல்லோ இருந்தது. வயலினுக்குப் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே அணைத்து வில்லால் இழுக்க வேண்டும். பந்தை எடுத்துப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். "மேல வாங்கம்மா" என்றாள்.

புடவையோடு அந்த வாத்தியத்தை அணைக்க முடியாது. நைட்டியோடு போனேன். தந்தி மேல் விரல் வைப்பதுதான் முக்கியமான வேலை என்று தெரிந்ததும் வலது கையை நீட்டினேன். அவள் தள்ளிவிட்டாள்.

"விரல் வேலை இடது கைக்கு. வலது கை வில்லு மட்டும்."

"இது சரியில்லாத கைம்மா. மாத்தி வச்சுக்கிறேனே."

"மாத்த முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. நல்ல காரியத்தை எந்த ஊரில் இடது கையிடம் கொடுப்பார்கள்? கொடுத்தாள். முதல் மாதம் வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். "ஜாஸ்தி அழுத்தாதீங்க, கம்மி, கம்மி" என்பாள் ஹானா. எனக்கு எவ்வளவு அழுத்துகிறேன் என்றே தெரியாதே!

மூன்றாவது மாதம் ஒரு மாலை, ஆள்காட்டி விரல் நுனி சுரீரென்றது. தந்தி பதிந்து சிவந்திருந்தது. படியிறங்கி ஓடினேன்.

"ஏங்க, வலிக்குது!"

அவர் பதறிப்போய் எழுந்தார். "எங்க? டாக்டர்கிட்ட போலாமா?"

"விரல்ல வலிக்குதுங்க! தெரியுது!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

செல்லோ குணப்படுத்தியது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையை விடவில்லை, பந்தையும் விடவில்லை. சுண்டுவிரல் இன்னும் அது இஷ்டத்துக்குத்தான் வரும். முன்பெல்லாம் எனக்கு இடது கை என்று ஒன்று இருப்பதே நினைவிருக்காது. இப்போது காலையில் விழித்ததும் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்த பிறகுதான் எழுந்திருக்கிறேன்.

போன மாதம் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. கொக்கி மாட்டணுமா?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

"நீங்க வராதீங்க."

ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. வேர்த்துக் கொட்டியது. ஐந்து கொக்கியையும் நானே மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"ஒண்ணு மாறிப் போச்சு பாரு. சரி பண்ணட்டா?"

"வேணாம். இருக்கட்டும்."

முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகாதவள், தாலி கட்டி முடிந்த பிறகு மண்டபத்துக்குள் நுழைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.