காபோனுக்கு வழி கேட்டவர்

"ஊ எ லா கார்?" என்று கொதிக்கும் எண்ணெயைப் பார்த்துக் கேட்டார் குமுதா அக்கா. ஒரு காதில் இயர்ஃபோன். மறு காது வாடிக்கையாளருக்கு. மோட்டார் சைக்கிளை அணைக்காமலே நின்றிருந்த தொழிற்சாலைக்காரர் விழித்தார்.

"என்னாக்கா?"

"ஸ்டேஷன் எங்க இருக்குன்னு கேட்டேன். பிரெஞ்சுல."

"ஈப்போ ஸ்டேஷனா? டவுன்லதான்."

"அது எனக்குத் தெரியாதா-லா? ஒனக்கு எத்தன வடை, அதச் சொல்லு."

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீடுகள் முடிகிற முனையில், சுண்ணாம்பு மலையின் நிழல் விழும் இடத்தில் அவர் கடை. ஒரு பெரிய குடை, ஒரு மேசை, இரண்டு அடுப்பு. கைலிக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார். வடை நன்றாக இருக்கிறது என்று புகழ்ந்தால் பிடிக்காது. "நேத்து மட்டும் நல்லா இல்லியா?" என்று மடக்குவார். பொட்டலத்தில் போடும்போது "அன், தே, த்ருவா" என்று எண்ணுவார். யாராவது சிரித்தால் இன்னும் சத்தமாக எண்ணுவார்.

அவர் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். இப்போது அங்கே எண்ணெய்க்கான செம்பனை. தம்பி தர்மா அந்தத் தோட்டத்தில் டிராக்டர் பழுதுபார்த்தவர். தோட்டம் கைமாறியதும் வேலை போனது. அந்தச் சமயம் ஒரு மரக் கம்பெனி காபோன் நாட்டுக்கு ஆள் எடுத்தது. மத்திய ஆப்பிரிக்காவில், பூமத்திய ரேகை குறுக்கே ஓடும் நாடு; பெரும்பகுதி காடு, பேசுவது பிரெஞ்சு. "நம்ம ஊரு மாதிரியேதான்க்கா. மழ, கொசு, செம்மண்ணு," என்று தம்பி ஃபோனில் சொல்வாராம். ஒரு நாள் அதே எண்ணிலிருந்து வேறு யாரோ பேசினார்கள். மலேரியா என்றார்கள். உடலை அனுப்ப வழியில்லை, முகாமுக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டோம் என்றார்கள். கொஞ்ச காலத்தில் கம்பெனியும் அந்த நாட்டைவிட்டுப் போய்விட்டது.

சொந்தக்காரர்கள் படம் வைத்துக் காரியம் செய்தார்கள். அன்று குமுதா அக்கா தலை முழுகாமல், வழக்கம்போல் கடை போட்டார்.

"மூஞ்சியக் காட்டல. ஒரு பிடி மண்ணக் காட்டல. எவனோ ஃபோன்ல சொன்னா நான் ஒடனே அழுதுறணுமா பிரமிளா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் பக்கத்து வீடு. கையிலிருந்த வடையைத் தின்றேன்.

நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று அவராகவே முடிவெடுத்தார். ஈப்போவில் ஒரு பயண முகவரிடம் விசாரித்தபோது அங்கிருந்த பெண், "ஆப்பிரிக்கான்னா கென்யா போங்க ஆன்ட்டி, சிங்கம் பாக்கலாம்," என்றாளாம். "சிங்கத்தப் பாக்க எனக்கு என்னா வேண்டுதலா?" என்று எழுந்து வந்துவிட்டார். அதன்பிறகு மாலை நேரங்களில் என் கணினிக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தார். அடிஸ் அபாபாவில் விமானம் மாறி லிப்ரவில் போக வேண்டும். அங்கிருந்து ரயில். மழைக்காலத்தில் காட்டுப் பாதை சேறாகிவிடும் என்பதால் ஜூலை மாதம்தான் சரி. இதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "தைப்பிங், கோலகங்சார், சுங்கை சிப்புட்" என்று நாம் சொல்வதுபோல் "ந்ஜோலே, பூவே, லாஸ்தூர்வில்" என்று ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

தம்பியின் முகாமுக்குப் பக்கத்து ஸ்டேஷனான லாஸ்தூர்வில்லில் மெஸ்மின் என்ற கார் ஓட்டுநரை ஃபேஸ்புக் வழியாகப் பிடித்தார். பாதி பிரெஞ்சு, பாதி ஃபோனின் மொழிபெயர்ப்பு என்று பேச்சு ஓடியது. பழைய முகாம் இருந்த இடம் தெரியும், கூட்டிப் போகிறேன் என்றார் அந்த மனிதர். அவர் அக்காவை 'மமான்' என்று கூப்பிட்டார். அம்மா என்று பொருள். பிள்ளையில்லாத அக்கா அதை முதல்முறை கேட்டபோது அடுப்பை அணைத்துவிட்டார்.

கணவர் சன்னாசி அண்ணன் பள்ளிக்கூடக் காவலாளி. "இவளுக்கு லூமுட் கடற்கரை தாண்டிப் பழக்கமில்ல. ஆப்பிரிக்கா போறாளாம்," என்பார். ஆனாலும் பெட்டி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

தடை ஊசியில் வந்தது. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போடாமல் காபோனுக்குள் விடமாட்டார்கள். கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். அக்காவுக்குப் பல வருடமாக முடக்குவாதம், தினம் மாத்திரை. அந்த மாத்திரைகளின் பெயரைப் பார்த்ததும் இளம் மலாய் மருத்துவர் தலையை ஆட்டினார். "தா போலே, காக்." முடியாது, அக்கா. மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருக்கிறது. இந்த நிலையில் இந்த ஊசி ஆளையே கொன்றுவிடலாம் என்று பொறுமையாக விளக்கினார்.

"மாத்திரைய நிப்பாட்டுனா?"

உங்கள் மருத்துவர் சம்மதித்தால், சில மாதம் நிறுத்திவிட்டு, அதன்பிறகு யோசிக்கலாம் என்றார் அவர். அக்கா கேட்டுக்கொண்டது அதில் பாதியைத்தான்.

யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். எனக்கு முதலில் சந்தேகம் வந்தது உளுந்து வடையைப் பார்த்துத்தான். நடுவில் துளையில்லை. "விரலு கொஞ்சம் மடங்க மாட்டுது. தாஹான் பண்ணிக்கிறேன், பொறுத்துக்கலாம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு கேஸ் அடுப்பைத் திருக யாரையாவது கூப்பிட ஆரம்பித்தார். கேட்டால் மழை, குளிர் என்றார். ஜூன் மாதத்தில் ஒரு காலை படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. சன்னாசி அண்ணன் தூக்கி வந்து என் காரில் கிடத்தினார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "செத்தவனப் பாக்கப் போறேன்னு இருக்கிற உசுரப் போக்கிக்கப் பாத்தாம்மா இவ. ஒரே வீட்ல இருக்கேன். எனக்குத் தெரியலியே."

முன்னைவிட வலுவான மருந்து கொடுத்தார்கள். கை விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டன. முழங்கால்களும் பழைய நிலைக்கு வரவில்லை. இனி அந்த ஊசி நினைப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைக்குடை சுருட்டி வைக்கப்பட்டது. மெஸ்மினுக்கு நான்தான் செய்தி அனுப்பினேன். மமானுக்கு உடம்பு முடியவில்லை, வரமாட்டார் என்று.

ஜூலை முடிவதற்குள் ஒரு மாலை மெஸ்மினே வீடியோவில் கூப்பிட்டார். அங்கே காலை. முகாமுக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு ஃபோன் டவர் வந்திருக்கிறது, நான் கிளம்பி வந்துவிட்டேன் என்றார். அக்கா நாற்காலியில் இருந்தார். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டேன். சன்னாசி அண்ணன் பின்னால் நின்றார்.

முகாம் இருந்த இடத்தை மரமும் கொடியும் மூடியிருந்தன. கிராமத்துக்காரர் ஒருவர் கத்தியால் வழி வெட்டிக்கொண்டே முன்னால் போனார். கடைசியில் சின்னத் திடல். மூன்று மண்மேடுகள், உளுத்துப்போன மூன்று மரச் சிலுவைகள். எதிலும் பெயரில்லை. மூவருமே மலேசியாவிலிருந்து வந்தவர்கள்தான், எது யாருடையது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை என்று அந்தக் கிராமத்துக்காரர் சொன்னதை மெஸ்மின் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு முதல் மேட்டைக் காட்டினார்.

"செலுயி-சி, மமான்?" இதுவா அம்மா?

"கிட்டப் போப்பா," என்றார் அக்கா. பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. ஆனாலும் மெஸ்மின் குனிந்தார். செம்மண், சருகு, ஒரு எறும்பு வரிசை.

"வி," என்றார் அக்கா. ஆமாம்.

மெஸ்மின் அதன்மேல் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். அக்கா கையை அசைத்து அடுத்ததைக் காட்டச் சொன்னார். அவர் குழம்பியபடி நகர்ந்தார்.

"வி."

மூன்றாவதற்கு மெஸ்மின் கேள்வியே கேட்கவில்லை. திரையை அதன் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். அக்காவின் உதடு அசைந்தது. "வி" என்றார் மூன்றாம் முறையும்.

"மூனும் எப்படிடி அவனா இருக்கும்?" என்றார் சன்னாசி அண்ணன். தொடர்பு அறுந்து திரை கறுத்தது.

அக்கா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். என் தோளை விலக்கிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் நடந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டு நான் போனபோது, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, முழங்கையால் குழாயைத் தட்டித் திறந்துவிட்டு, கட்டிய கைலியோடு தலையைக் குனிந்து அதன் கீழே கொடுத்திருந்தார்.