வாப்பாவும் நானும் இருக்கும் படம்

என் கல்யாணத்துக்கு இரண்டு போட்டோகிராபர்கள். ஆண்கள் பக்கத்துக்கு ஒருவர், பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண். அதிராம்பட்டினத்தில் எங்கள் வீடுகளில் இது வழக்கம்தான். நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வாப்பா பெண்ணைக் கொடுப்பார். அந்த இடத்தில் பெண் இருக்க மாட்டாள். அவள் வீட்டில் நகையும் பூவுமாக உட்கார்ந்திருப்பாள். அவளைச் சுற்றிப் பெண்கள் இருப்பார்கள், அங்கே ஆண்கள் வர மாட்டார்கள். ஆக ஒரே கல்யாணத்தை இரண்டு கேமராக்கள் இரண்டு இடத்தில் எடுக்கும். ஒன்றில் இருப்பவர் மற்றதில் இருக்க மாட்டார்.

தோழியின் கல்யாணத்துக்குப் போகும்வரை இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவள் தஞ்சாவூரில் என்னோடு கல்லூரியில் படித்தவள். அவர்கள் வழக்கப்படி தாலி கட்டும் நேரத்தில் அவள் அப்பா அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். அவளோ அவரைவிட உயரம். மனிதர் பாரம் தாங்காமல் முழி பிதுங்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு ஆல்பம் வந்தது. அந்தப் படத்தில் அவர் தாடை அவள் தலைமேல் பதிந்திருந்தது, கண்ணை மூடியிருந்தார். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமை வந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஏனென்றால் வாப்பாவும் நானும் சேர்ந்திருக்கும் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே துபாய்க்கு மளிகைக்கடை வேலைக்குப் போனவர் அவர். எங்கள் படங்கள் எல்லாமே அவருக்காக எடுத்தவை. பெருநாளைக்குப் புதுச்சட்டை போட்டதும் உம்மா என்னை ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போவார். ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் யாரிடமாவது படத்தைக் கொடுத்தனுப்புவார். படத்தைப் பார்க்கப் போகிறவர் எப்படிப் படத்தில் இருப்பார்? லீவில் வந்தாலோ கேமரா அவர் கையில்தான் இருக்கும். என்னைக் கிணற்றடியில் நிற்க வைத்து, தென்னை மரத்தடியில் நிற்க வைத்து, வெயிலில் கண் கூசக் கூச எடுத்துத் தள்ளுவார்.

போனில் அவர் வேறு ஆள். கடைக்கு வந்த வாடிக்கையாளர் யாருடன் சண்டை போட்டார், நான் எந்தப் பாடத்தில் தேறவில்லை, தலைவலிக்கு எந்த மாத்திரை போடக்கூடாது என்று மணிக்கணக்கில் பேசுவார். நேரில் வந்து நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். "போன்ல வாய் கிழியுது, நேர்ல பாத்தா ஊமையாயிடுறாரு" என்று உம்மா கேலி செய்வார். நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. அவர் முன்னால் எனக்கும் பேச்சு வராது. 'வாப்பா, என்னோட நின்னு ஒரு படம் எடுத்துக்குங்க' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்ல முடியவில்லை. கேட்டு வாங்கினால் அது என்ன படம் என்று ஒரு வீம்பும் இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெண்கள் பக்கம் எடுக்கப்போகும் பட்டுக்கோட்டைப் பெண் போனில் அழைத்தாள். என்னைவிடச் சின்னவள், ஆனால் காரியத்தில் கறார்.

"என்னென்ன எடுக்கணும்னு முன்னாடியே சொல்லிடுங்கக்கா. அப்புறம் அது விட்டுப்போச்சு, இது விட்டுப்போச்சுன்னா நான் பொறுப்பில்ல."

மருதாணிக் கை, கருகமணி கட்டுவது, மாமியார் பால் கொடுப்பது என்று அவளே அடுக்கினாள். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். என் மனசு அதில் எதிலும் இல்லை.

"எனக்கு எங்க வாப்பாவும் நானும் இருக்கிற மாதிரி ஒரு படம் வேணும். அது ஒண்ணு போதும்" என்றேன்.

"அவருதான் பொம்பளைங்க பக்கம் வரமாட்டாரே?"

"ஒரு தடவை வருவாரு."

யோசித்து யோசித்து நான் கண்டுபிடித்து வைத்திருந்த இடம் அது. பள்ளிவாசலுக்குப் போகும் முன் வாப்பா இரண்டு சாட்சிகளோடு பெண்ணிடம் வந்து, இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கட்டுமா என்று சம்மதம் கேட்க வேண்டும். சாட்சிகளாக வரப்போவது சாச்சாவும் மாமாவும்தான். ஒருவர் வாப்பாவின் தம்பி, மற்றவர் உம்மாவின் அண்ணன். அந்தச் சில நிமிடம் இரண்டு கேமராவுக்கும் சொந்தமில்லாதது. ஆண்கள் பக்கத்துக்காரர் பள்ளிவாசலில் காத்திருப்பார். பெண்கள் பக்கத்துக்காரி, ஆண்கள் வந்துவிட்டார்களே என்று உள்ளே போய்விடுவாள். அதனால்தான் எந்தக் கல்யாண ஆல்பத்திலும் அது இருப்பதில்லை. நீ உள்ளே போகாதே, எதிர் அறை வாசலில் ஒதுங்கி நின்று எடு என்று அவளிடம் சொல்லி வைத்தேன். கட்டிலில் நான், பக்கத்தில் நாற்காலியில் வாப்பா. சம்மதம் சொன்னதும் என் தலையில் கை வைத்து துஆ செய்வார். அந்தக் கை தலையில் இருக்கும்போது எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. மாப்பிள்ளையைப் பற்றிக் கனவு காண வேண்டிய நாட்களில் நான் நாற்காலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் போட்டால் வெளிச்சம் முகத்தில் விழாதோ? சுவர்ப்பக்கம் போட்டால் அலமாரி தெரியுமோ? நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். "கல்யாணப் பொண்ணு பண்ற வேலையா இது?" என்று உம்மா சத்தம் போட்டார். வாப்பாவுக்கோ லீவு கிடைப்பதே இழுபறியாகி, கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தார். வந்ததும் பந்தல், ஆட்டுக்கறி, தயிர் என்று ஓட ஆரம்பித்துவிட்டார். இரண்டு முறை எதிரே வந்தார். இரண்டு முறையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று காலையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது. அலங்காரம் செய்ய வந்தவள் என் முகத்தைத் திருப்பத் திருப்ப நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் பள்ளிவாசலிலிருந்து இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வந்தாயிற்றாம். வாப்பாவைக் காணோம். பிரியாணி வைக்கிற இடத்தில் ஏதோ தகராறாம். பிரியாணி எக்கேடு கெட்டால் என்ன என்று கத்த வேண்டும்போல் இருந்தது. காலை ஆட்டாமல் உட்காரும்படி பட்டுக்கோட்டைக்காரி எதிர் அறையிலிருந்து சைகை காட்டினாள்.

ஒருவழியாக வந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் சாச்சாவும் மாமாவும். நான் போட்டு வைத்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் என்னைப் பார்த்து எத்தனையோ வருஷம் இருக்கும். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"சாப்டியாம்மா?" என்றார்.

மாமா சிரித்துவிட்டார். "மச்சான், கேக்க வேண்டியதக் கேளுங்க. ஹஜ்ரத் காத்துக்கிட்டு இருக்காரு."

வாப்பா தலையாட்டினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே எழுந்து, விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

எனக்குத் துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு மாதமாகத் திட்டம் போட்டு, நாற்காலி போட்டு, ஆளை ஒளித்து வைத்து, கடைசியில் வெறும் நாற்காலி! இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தது போதாதா, இன்றைக்கும் எழுந்து போக வேண்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது. அப்போது கட்டில்மேல் கிடந்த என் போன் அடித்தது. திரையில் 'வாப்பா' என்று இருந்தது.

எடுத்தேன்.

"அம்மா, நான்தான். ஸ்பீக்கர்ல போடும்மா, சாச்சாவும் மாமாவும் கேக்கணும்." குரல் தெளிவாக இருந்தது. நான் அறிந்த வாப்பா இவர்தான். "உன்ன இந்த மாப்பிள்ளைக்கு, அவங்க உனக்குத் தர்றதாப் பேசின மஹருக்கு, நிக்காஹ் செஞ்சு குடுக்கப் போறேன். உனக்கு மனப்பூர்வமா சம்மதமா? யாருக்காகவும் சொல்லாத. வேணாம்னா இப்பக்கூட சொல்லு, வாப்பா பாத்துக்கறேன்."

ஜன்னலுக்கு வெளியே போர்ட்டிகோவில்தான் நின்றிருந்தார். அவர் குரல் ஜன்னல் வழியாக ஒரு முறையும் போன் வழியாக ஒரு முறையும் கேட்டது.

"சம்மதம் வாப்பா" என்றேன். இன்னொன்றும் சொல்ல இருந்தேன். உள்ளே வாங்க வாப்பா என்று. அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் போனை வைத்துவிட்டார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"இப்படி ஒரு சம்மதத்த நான் கேள்விப்பட்டதில்ல. ஹஜ்ரத்துகிட்ட போய்ச் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க" என்று சாச்சா மாமாவை அதட்டிக்கொண்டே போனார்.

நாலாம் நாள் வாப்பா திரும்பிப் போனார். படங்கள் வருவதற்குள் அவர் கடையில் உட்கார்ந்துவிட்டார். அழுது மை கரைந்த முகத்தோடு நான் போனைக் காதில் வைத்திருக்கும் படம் ஒன்றும் அதில் இருந்தது. எடுத்தவளைத் திட்டத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்ததும் இன்னும் பெரிதாக்கினேன். எல்லாப் படங்களையும் வாப்பாவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் அழைத்தார். மருதாணி நன்றாகச் சிவந்திருக்கிறது, உம்மா இளைத்துவிட்டாள், மாப்பிள்ளை சிரித்தால் நன்றாக இருப்பார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"உன்னோட நின்னு ஒரு படம் எடுக்கணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேம்மா. பிளேன்லகூட அதான் நெனப்பு. கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அப்படியே போச்சு."

"நான் போன் பேசிக்கிட்டு இருக்கிற படத்தப் பாருங்க வாப்பா."

"பாத்தேன். ஏன் அழுவுற மாதிரி இருக்க?"

"எனக்குப் பின்னாடி ஜன்னல் தெரியுதா?"

"தெரியுது. யாரோ ஒருத்தர் அந்தப் பக்கம் திரும்பி நின்னு போன் பேசறாரு. வயசானவரு."

"நல்லாப் பாருங்க."

அந்தப் பக்கம் கடையில் யாரோ பால் பாக்கெட் கேட்கும் சத்தம் வந்தது. கேட்டவர் மறுபடியும் கேட்டார். நான் லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அடுத்த லீவுல வரும்போது," என்றார் வாப்பா, "இந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேம்மா."