எட்டாவது தடவை பார்த்த படம்

பதினாறு வயதில் அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்துப் பையனும் பெண்ணும் காதலிக்கிற கதை. வேண்டாம் என்று சொல்பவளைக் கதாநாயகன் விடாமல் பின்தொடர்வான். கடைசியில் அவள் சிரித்துவிடுவாள்.

பிறகு பெல்லாரி, ஷோலாப்பூர் என்று லாரியில் கிளீனராகச் சுற்றிவிட்டு, ஆறு வருடம் கழித்து ஒரு வார லீவில் சொந்த ஊரான டி. கல்லுப்பட்டிக்கு வந்தேன். வீட்டில் சண்டை. கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த தங்கச்சி நான்கு நாட்களாக வேலைக்குப் போகவில்லை. காரணமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேலை கிடையாது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். வேலை போனால் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கொட்டகையில் அதே படம். தங்கச்சி மனசு மாறட்டும் என்று நான்தான் கூட்டிப்போனேன். நடுவில் இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் நாங்கள்.

கதாநாயகன் பெண்ணின் சைக்கிளை மறிக்கும் இடம் வந்ததும் எல்லாரும் விசிலடித்தார்கள். என் விரலும் வாய்க்குப் போனது. அப்போதுதான் சுவருக்கு அப்பால் பார்த்தேன். தங்கச்சி முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

இடைவேளையில் சுவரோரம் கூப்பிட்டேன்.

"என்ன பிள்ள, தலவலியா?"

"வீட்டுக்குப் போவோம்ணே."

"இனிமேதான் படமே. கடைசியில அந்தப் பிள்ளையே அவனத் தேடி வரும் பாரு."

"படத்துல வரும். கப்பலூர்ல பஸ்ஸ விட்டு எறங்குனா ஒருத்தன் இப்பிடித்தாண்ணே சைக்கிளக் குறுக்க விடுறான். டிபன் பாக்ஸப் பிடுங்குறான். கூட நிக்கிறவய்ங்க அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாய்ங்க."

"அம்மாட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா, நீ என்ன பண்ணுனேன்னு என்னயத்தான் கேக்கும்."

பட்டறை வழியே பள்ளிக்குப் போன ஒரு பெண்ணின் சைக்கிளை நானும் மறித்திருக்கிறேன். இந்தப் படத்தின் வசனத்தையே சொன்னேன். பத்து நாளில் அவள் அந்த வழியாக வருவது நின்றது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். படிப்பை நிறுத்தினார்களா, என்ன ஆனாள், இன்றுவரை தெரியாது.

படத்தில் பாட்டெல்லாம் அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் ஏன் சிரிக்கிறாள் என்பதற்கு அதில் காரணமே இல்லை. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள்.

மீதிப் படத்தைப் பார்க்காமல் வெளியே வந்தோம்.

மறுநாள் காலை அவளோடு பஸ் ஏறினேன். திருமங்கலம் தாண்டியதும் அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கப்பலூரில் சைக்கிள் தயாராக நின்றது. அவனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். பின்னால் நான்கு பேர்.

"என்னண்ணே, கூடவே காவலா?" என்றான்.

அவன் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். அடிக்கவில்லை, அடித்தால் ஐந்து பேரும் பாய்வார்கள். "நீ போ பிள்ள" என்றேன். அவள் தொழிற்சாலை வாசலுக்குள் நுழையும்வரை பிடியை விடவில்லை.

"நாளைக்கும் வருவீகளாக்கும்?"

"வாரேன்."

அன்று சாயங்காலம் லாரி முதலாளியிடம் போய், என் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.