பாட்டிலுக்குள்ள தேயிலைக் கரு

லேப்புல பாட்டில் கழுவுறவங்களுக்கு ஒரு சாபம் இருக்கு: எது கெட்டாலும் கடைசியா நம்ம சிங்க்குலதான் வந்து விழும். உங்களுக்கும் தெரியுந்தானே.

எங்க லேப் அக்கரப்பத்தனைப் பக்கம். கொப்புள நோய் புடிக்காத தேயிலைச் செடி ஒண்ணு இருக்கு, குச்சிய ஊனுனா வேர் விடாது. அதோட எலைத் துண்டுலேருந்து கரு உண்டாக்கணும். வரலன்னா லேப்புக்குப் பூட்டு. எனக்கும், என்கூட லேப்புல வேலை பாக்குற பாக்கியம் அக்காவுக்கும் பழையபடி கொழுந்துக் கூடை.

சுருண்ட நூலு

லேப்ப நடத்துற மிஸ்ஸுக்கு ஊரு ஹட்டன். நூல்கண்டக் காட்டி வெளக்குனாங்க. எலையில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் முழுச் செடிக்கான மரபணுவும் நூலா இருக்காம். சில புரதம் அந்த நூல இறுக்கிச் சுருட்டிரும், அங்க உள்ள மரபணு வாயே தொறக்காது. வேற புரதம் தளத்தி விடும். கரு வளரயில இதுங்கதான் ‘நீ வேரு, நீ எலை’ன்னு பிரிச்சு விடுதாம். எலையில கருவுக்கான எடம் இறுகிக் கெடக்கு. இறுக்குற புரதத்த மருந்தூத்தி அடக்குனா எலையும் மறுபடி கருவாகுமாம்.

பாக்கியம் அக்கா விடுவாங்களா?

“அப்ப எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு சொட்டு குடுங்க மிஸ், பொழுது சாஞ்சா அவரும் சுருண்டுதான் கெடக்காரு.”

எல்லாம் தொறந்துக்கிச்சு

மருந்து கூடிப்போச்சு. மூடியிருக்க வேண்டிய மரபணுவெல்லாம் தொறந்துக்கிட்டு, வேரும் இல்லாம எலையும் இல்லாம, பாட்டில் பாட்டிலா வெள்ளைக் கட்டி. நான் சொரண்டிச் சொரண்டிக் கொட்டுறேன், மிஸ் பக்கத்துல கண்ணு செவந்து நிக்கிறாங்க. கேட்டுல நிக்கிற வாச்சர் எட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு:

“சங்கக் கூட்டம் மாதிரியில்ல இருக்கு, எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனா என்னா உருப்படும்?”

வந்துச்சுங்க

மருந்தக் கொறச்சு ஊத்துன கடைசித் தடவையில வந்துச்சுங்க! மொளைச்ச கொத்தமல்லி மாதிரி, அடியில வேரு, மேல ரெண்டு எலை. மிஸ் என்னயக் கட்டிப்புடிச்சாங்க, சோப்புத் தண்ணியோட.

புதுப் பாட்டிலுக்கு மாத்துற வேலை அக்காவுக்கு. கையுறை, இடுக்கி எல்லாம் சுத்தந்தான். ஆனா அது வயசுக்கு வந்ததுலேருந்து கொழுந்தெடுத்த கை. ரெண்டு எலையும் நடுவுல மொட்டும் கண்ணுல பட்டதும் இடுக்கி கீழ போயிருச்சு. என்கிட்ட மருமகளத் திட்டிக்கிட்டே அத்தனை நுனியையும் கிள்ளி, ஓரமா அழகா குமிச்சு வச்சிருந்தாங்க. நான் கத்துனப்பதான் குனிஞ்சு தன் கையையே பாத்தாங்க.

நுனி போன கரு ஒவ்வொண்ணா கறுத்துச்சு. அக்கா தெனமும் காலையில வந்து கேப்பாங்க:

“கவ்வாத்து வெட்டுன தேயிலை துளுக்குதே மிஸ், இது மட்டும் ஏன் துளுக்க மாட்டேங்குது?”

இப்ப ரெண்டு பேரும் மலையிலதான் கொழுந்தெடுக்குறோம். எவ்வளவு கிள்ளுனாலும் பத்தலைங்கிறாரு கங்காணி.