சோத்தாங்கைப் பிள்ளை

என் மாமனாருக்குப் பெருமை பேச எப்போதும் ஏதாவது வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் என் மூத்த மகன் பிறந்ததும் அவருக்கு அந்தக் கவலை தீர்ந்தது.

வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. காய் விலை பேச வருகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கு, கால்வாசி கன்னடம், மீதி தமிழ். யார் வந்தாலும் தோப்பைக் காட்டுவதற்கு முன்னால் ஒன்பது மாதப் பேரனைக் காட்டுவார். மடியில் வைத்துக்கொண்டு வெல்லக்கட்டியை நீட்டுவார். பிள்ளை வலது கையால் வாங்கும். இடது பக்கமாக நீட்டினாலும் உடம்பைத் திருப்பி வலது கையாலேயே வாங்கும்.

"பாத்தீங்களா? பீச்சாங்கைய நீட்டறதே இல்லீங்க. சொல்லிக் குடுக்காமயே வந்த புத்தி. எங்க ரத்தம்!"

வந்தவர்கள் மூன்று பாஷையிலும் ஆமாம் போடுவார்கள். காய் வேண்டுமே! நானும் பூரித்துப்போய்த்தான் நின்றேன். அந்த வீட்டில் முட்டாள்தனம் மாமனாரின் தனிச்சொத்து அல்ல.

தோப்பு வேலைக்கு வந்த பெண்ணுக்கும் அதே வயதில் ஒரு பெண் குழந்தை. அது இரண்டு கையையும் ஊன்றித் தோப்பெல்லாம் தவழும். எந்தக் கைக்கு எது எட்டுகிறதோ அதைப் பிடுங்கும். ஒரு நாள் மாமனார் அதற்கும் வெல்லம் நீட்டினார். இடது கை வந்தது. சட்டென்று வெல்லத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வளர்ப்பு அப்படி" என்று அதன் அம்மா காதில் விழச் சொன்னார்.

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் நான் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வந்து நின்றாள்.

"சின்னம்மா, தப்பா நெனைக்காதீங்க. தம்பியோட அந்தக் கை மூடுனபடியே இருக்குதுங்க. கட்டைவிரலு உள்ள மடங்கிக் கெடக்குது. தவழறப்பவும் ஊனறதில்ல, இழுத்துக்கிட்டுதான் போவுது."

"உன் வேலையப் பாரு" என்றேன். பொறாமை என்று நினைத்தேன். எட்டாவது வரை படித்த திமிர் வேறு எனக்கு.

ஆனால் அதன்பிறகு என் கண் அந்தக் கையை விட்டு அகலவில்லை. பிரித்துவிட்டால் விரல்கள் உடனே மூடிக்கொள்ளும். ஒன்றரை வயதாகியும் பிள்ளை நடக்கவில்லை. "பெரிய வீட்டுப் புள்ளைங்க மெதுவாத்தான் நடக்கும்" என்று சொல்லி மாமனார் ஆசாரியிடம் நடைவண்டி செய்து வாங்கினார். பிள்ளை ஒரு கையால் தள்ள, வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. "செக்கு சுத்தறான் பாரு!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு டாக்டரம்மா கையையும் காலையும் மடக்கிப் பார்த்தார்.

"ஒரு வயசுக்குள்ள குழந்தை ரெண்டு கையையும் நீட்டணும். ஒரே கையை நீட்டினா இன்னொண்ணு வரலைன்னு அர்த்தம். முழுசா சரியாகாது. நல்ல கையைக் கட்டிட்டு, தினமும் கொஞ்ச நேரம் இந்தக் கைக்கே எல்லாத்தையும் கொடுங்க. விரல் வழிக்கு வரலாம். இத்தனை நாள் யாரும் கவனிக்கலையா?"

கவனித்தோம், ஊரைக் கூட்டிக் காட்டினோம் என்று எப்படிச் சொல்வது?

தினமும் வலது கையைத் துணியால் கட்டினேன். பிள்ளை அலறும். "சோத்தாங்கையக் கட்டறா, வீடு வெளங்குமா?" என்று மாமனார் அதற்கு மேல் அலறுவார்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு காலை, பேரன் அழுவது பொறுக்காமல் அவரே வெல்லத்தோடு வந்து உட்கார்ந்தார். கட்டிய கை அசையவில்லை. இடது தோள் நடுங்கியது. கை மெல்ல மேலே வந்தது. கட்டைவிரல் வெளியே வந்து, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

மாமனார் வெல்லத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். அதனால்தான் அவரை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை. பிள்ளை தன் வெறுங்கையைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

அந்தக் கை திரும்ப விரிய அடுத்த மாங்காய்ப் பருவம் ஆயிற்று. மாமனார் உள்ளே யாரிடமோ எங்கள் ரத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே மரத்தடியில் அந்த வேலைக்காரப் பெண்ணின் மகள், தான் கடித்த மாங்காயை என் மகனிடம் நீட்டினாள், இடது கையால். அவனும் இடது கையால் வாங்கினான்.