எலுமிச்சம்பழத்தின்முன் நின்ற கார்

பண்ணைக்காட்டில் என் தங்கை வீட்டுக் கொட்டகையில் ஓராண்டாக அசையாமல் நின்றிருந்தது அந்தக் கார். ஜெர்மனியில் செய்யப்பட்டது; இருவர் மட்டுமே அமரக்கூடியது; துணிக் கூரையைப் பின்னால் மடக்கிவிட்டால் மேலே வானம்தான். கொடைக்கானல் பங்களா ஒன்றில் துருவேறிக் கிடந்ததை வாங்கிவந்து, மிளகும் காப்பியும் தந்த வருவாயை எல்லாம் அதில் இட்டு, பல ஆண்டுகள் பாடுபட்டுப் புதிதாக்கியவர் தங்கையின் கணவர்.

"இந்த மழையில கூரையில்லாத காருக்கு என்ன சோலி?" என்று அவள் சீண்டுவாள்.

"மயிலுக்குக் கூரையா போட்டிருக்கு? உங்க அண்ணன்கிட்டக் கேளு" என்பார் அவர், பழனி முருகன் கோயில் ஓதுவாரான என்னையும் இழுத்து.

தைப்பூசத்தன்று அதை முதன்முதலாக ஓட்டிப் பழனி அடிவாரம் வருவதென்று நாள் குறித்திருந்தார். புறப்படும் வண்டி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பொறுமையின்றி, முதல்நாள் மாலையே நான்கு சக்கரங்களுக்கும் பழம் வைத்துவிட்டார். மறுநாள் காலை நெஞ்சுவலி வந்தது. கொட்டகையை எட்டுமுன்பே உயிர் பிரிந்தது.

பழங்கள் கறுத்துச் சுருங்கிக் கல்லாயின. அவற்றை எடுக்கவோ வண்டியை நகர்த்தவோ தங்கை விடவில்லை. என்னுடன் பழனிக்கு வந்துவிடு என்று அழைக்கும்போதெல்லாம், "வண்டி கெடக்குல்ல அண்ணே" என்பாள். வாழ்நாளெல்லாம் சந்நிதியில் நின்று பற்றறுக்கும் பதிகங்களைப் பாடிய நான், தனியே பழனி பஸ் ஏறுவேன்.

இவ்வாண்டு, பழைய கார்களைச் சேகரிக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் லாரியோடு வந்தார். என் வற்புறுத்தலால் விற்க இசைந்திருந்தவள் லாரியைக் கண்டதும் மறுத்தாள்.

"லாரி முதுகுல ஏறிப் போறதுக்கா அந்த மனுசன் இத்தன வருசம் முதுகு ஒடிஞ்சாரு? பழத்து மேல ஏறி, தானா ஓடி வெளிய வரட்டும். இல்லாட்டி இங்கனயே கெடக்கட்டும்."

"ஒரு வருசமா ஓடாத என்ஜினுங்கம்மா. உடனே ஸ்டார்ட் பண்ணுனா உள்ள தேஞ்சு போயிருமுங்க."

"அப்ப லாரிய வெரசா திருப்பச் சொல்லுங்க."

போய்விடுவார் என்றே எண்ணினேன். அவரோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்மூடியைத் திறந்தார். உள்ளே எண்ணெய் விட்டு, என்ஜினைக் கையாலேயே மெல்ல மெல்லச் சுழற்றினார். புதுப் பெட்ரோல் ஊற்றினார். நண்பகலாயிற்று.

தங்கை திருநீற்றைக் குழைத்து முன்மூடியில் மூன்று கோடுகள் இழுத்தாள். அந்தப் பளபளப்பின்மேல் அது படியக் கண்டு அவர் முகம் சுருங்கியது. இடப்பக்க ஸ்டியரிங்கில் அவர் அமர, வலப்பக்கத்தில் இவள் ஏறிக்கொண்டாள். நான் பதிகம் தொடங்கினேன்.

என்ஜின் இருமி நின்றது. மீண்டும் இருமியது. தங்கை கண்களை மூடிக்கொண்டாள். பிறகு கொட்டகை அதிர எழுந்த முழக்கத்தில் என் பாட்டு எனக்கே கேட்கவில்லை. நான்கு பழங்களும் நொறுங்க, வண்டி வெயிலுக்கு வந்தது.

வாயிலருகே அவர், "பழனி அடிவாரம் வரைக்கும் ஓட்டிட்டே போலாமுங்களா?" என்றார்.

அவள் முன்னே நீண்டு கிடந்த சாலையைச் சற்றே பார்த்தாள். "போதுங்க. இனி லாரியில ஏத்திக்கிருங்க. அவரு ஓட்ட நெனச்சது அவரோட போகட்டும்."

இறங்கியவள், யாரும் சொல்லாமலே முந்தானையால் அந்தத் திருநீற்றைத் துடைக்கலானாள். "மழ விழுந்தா பெயிண்டப் பிடிச்சுக்கிரும்." விரலில் ஒட்டியதை நெற்றியில் இட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"பழனி பஸ்சு எப்பண்ணே?"